வீட்டில் கேக் ஸ்டென்சில் வெட்ட ஓஎச்பி ஷீட்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

கேக் மேல் வைத்து க்ரீம் தடவியோ தூள் தூவியோ டிசைன் பதிக்க, ஓட்டைகள் வெட்டிய தாள்தான் ஸ்டென்சில். பட்டர் பேப்பர், பேக்கரி டப்பா அட்டை, ஃபைல் கவர், ஓஎச்பி ஷீட் (ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) என நான்கிலும் அதை வெட்டலாம். பட்டர் பேப்பர் ஈரம் பட்டதும் சுருங்கிவிடும். அட்டை க்ரீமின் எண்ணெயை உறிஞ்சி ஊறும். ஃபைல் கவர் கத்திக்கு வழுக்கும். ஓஎச்பி ஷீட்தான் சரி. ஆனால் கடையில் தருவதை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

முதலில் தடிமனைக் கேளுங்கள். தாள் எவ்வளவு தடிமனோ, கேக்கில் க்ரீமும் அவ்வளவுதான் நிற்கும். 100 மைக்ரான் என்றால் 0.1 மி.மீ.தான். சாக்லேட் கேக் மேல் வெள்ளை பட்டர்க்ரீமை அவ்வளவு மெல்லிசாகத் தடவினால் அடியிலுள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். மேல்பக்க டிசைனுக்கு 175 மைக்ரான் வாங்குங்கள், நிறம் முழுசாக மூடும். பக்கவாட்டில் சுற்ற 100தான் வளைந்து கொடுக்கும். கோகோ தூவ மட்டும் என்றால் எதுவானாலும் சரி.

இங்க்ஜெட் பிரிண்டருக்கான ஓஎச்பி ஷீட் வேண்டவே வேண்டாம். அதன் சொரசொரப்பான பூச்சு ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். எந்த ஷீட்டானாலும் அதன் மேல் பிரிண்ட் போடாதீர்கள். டிசைனைச் சாதாரணத் தாளில் எடுத்து, ஷீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வெட்டுங்கள்.

சிக்குக் கோலம் வெட்டுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கோடு மூடிய வளையம் என்பதால், முழுசாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அங்கங்கே 2 முதல் 3 மி.மீ. வெட்டாமல் பாலம் போல விட வேண்டும். அதற்கு நல்ல இடம், கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடம். ஒரு கோட்டை முழுசாக வெட்டி, மற்றதை அதன் இருபுறமும் சற்றே நிறுத்திவிட்டால், ஒரு இழை அடியில் நுழைந்து வெளிவருவது போலவே தெரியும். அவ்வளவு அழகு!

சின்ன ஓட்டைகளை முதலில் வெட்டுங்கள். பெரியதை முதலில் வெட்டினால் தாள் தொய்ந்துபோகும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். பிளேடு மழுங்கினால் ஓரத்தில் பிசிறு நிற்கும். தாளைத் தூக்கும்போது அந்தப் பிசிறு க்ரீமையும் இழுத்துக்கொண்டு வரும்.

பக்கவாட்டுக்கு ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 4 அங்குல உயரப் பட்டைகள் கிடைக்கும். 6 அங்குலக் கேக்கின் சுற்றளவு 19 அங்குலம், இரண்டு பட்டை போதும். 8 அங்குலக் கேக்குக்கு மூன்று வேண்டும்.

கேக்கை அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து, மேல்பூச்சு விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஷீட்டை வையுங்கள். பேலட் நைஃபை (க்ரீம் தடவும் தட்டையான கத்தி) படுக்கவைத்து ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் க்ரீம் அடியில் புகுந்து கோடு கலங்கும். க்ரீம் தளர்வாக இருந்தாலும் இதே கதிதான். ஐசிங் சுகர் தூவுவதானால் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த கேக் வியர்த்தால் பத்தே நிமிடத்தில் டிசைன் கரைந்துவிடும்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிநீர் பட்டால் ஷீட் நெளிந்துவிடும், பிறகு கேக்கில் சமமாகப் படியாது.