நடையை அளக்கும் ஏழு உணரிகள்: 18 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் நடக்கப் பழகுபவர்களின் கால் அசைவை ஆராயும் எங்கள் குழு, உடலில் கட்டிக்கொள்ளும் உணரித் தொகுப்பு ஒன்றை 18 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறது. இடுப்புக்கு ஒன்று, தொடைகள், கெண்டைக்கால்கள், பாதங்கள் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று என மொத்தம் ஏழு உணரிகள். அவற்றைக் கட்டுவதற்கான பட்டைகளும் சார்ஜ் ஏற்றும் பெட்டியும் கணினி மென்பொருளும் உடன் வருகின்றன. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆய்வுக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் திரையில் தானாக வந்து நிற்கும் எண்ணை மட்டும் பார்த்து ஒருவருடைய சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து.

ஒவ்வோர் உணரிக்குள்ளும் முடுக்கமானி, ஜைரோஸ்கோப், காந்தமானி ஆகிய மூன்றும் இருக்கின்றன; நாங்கள் வினாடிக்கு 100 முறை பதிவு செய்கிறோம். ஜைரோஸ்கோப் தருவது சுழலும் வேகத்தைத்தான். அதைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால்தான் கோணம் கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு கணத்திலும் நேரும் சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பிழையைத் திருத்தவே, புவியீர்ப்பின் திசையை முடுக்கமானியிடமிருந்தும், வடக்குத் திசையைக் காந்தமானியிடமிருந்தும் மென்பொருள் கேட்டுப் பெறுகிறது. ஈர்ப்பு நம்மை ஏமாற்றுவது குறைவு. காந்தப்புலமோ அப்படி இல்லை. சக்கர நாற்காலி, கட்டிலின் சட்டம், நடைப் பயிற்சிக்கான இணைகம்பிகள், தரைக்குள் கிடக்கும் கம்பிகள் எனப் பயிற்சிக் கூடம் முழுவதும் இரும்புதான். ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி வைத்ததும், அவருடைய கால் நேராகவே இருக்க, திரையில் தெரிந்த உருவத்தின் தொடை மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டதை முதல் வாரத்திலேயே கண்டோம். காந்தமானியை அணைத்துவிட்டுப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. கூடத்துக்குள் நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம். அப்போது கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது நம்பத்தகாததாகிவிடும் என்றாலும், முழங்கால் மடங்கி நிமிரும் கோணம் ஈர்ப்பின் துணையோடு ஒழுங்காகக் கிடைக்கிறது. பயிற்சியில் நாங்கள் முதலில் கவனிப்பதும் அந்தக் கோணத்தைத்தான்.

அளவீட்டைத் தொடங்கும் முறையில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. உணரிகளைக் கட்டிய பிறகு, "நேராக நின்று அசையாமல் இருங்கள்" என்று மென்பொருள் சொல்கிறது; அந்த நிலையில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் பூச்சியக் கோணத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் எங்களிடம் வருபவர்களில் பலருக்கு முழங்கால் முழுதாக நிமிராது. முழங்கால் 15 பாகை மடங்கியபடியே நிற்பவருக்கு அந்த 15 பாகையே பூச்சியமாகிவிடுகிறது, அதன் பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் அந்த அளவுக்கு விலகிவிடுகிறது. அவருக்கு எது கோளாறோ அதையே கருவி இயல்பு என்று பதிந்துகொள்கிறது. நின்ற நிலையின் உண்மைக் கோணத்தை உள்ளிட ஒரு சிறு கட்டம் வைத்திருந்தால் போதும், அது இல்லை. ஆகவே இயன்முறை மருத்துவர் சாதாரணக் கோணமானியால் முதலில் அளந்து தாளில் குறித்துவைக்கிறார். நான் பிறகு கணக்கில் சேர்க்கிறேன்.

அடிகளை எண்ணுவதில் வரும் சிக்கல் இதைவிடக் கவலைக்குரியது. குதிகால் தரையைத் தொடும்போது எழும் அதிர்வின் முகட்டைத் தேடி, அதை ஓர் அடியின் தொடக்கமாக இந்த மென்பொருள் கொள்கிறது. வினாடிக்கு 1.2 மீட்டருக்கு மேல் நடக்கும் நலமுள்ள ஒருவரிடம் இது மிகச் சரியாக இயங்குகிறது. எங்கள் மாணவர்களுக்கு உணரிகளைக் கட்டி நடக்க விட்டபோது ஓர் அடிகூடத் தவறவில்லை. ஆனால் பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாதவருக்குக் குதிகால் முதலில் படுவதே இல்லை. விரல் பக்கமோ முழுப் பாதமுமோ ஒன்றாகப் படிகிறது, முகடு எழுவதில்லை. 10 மீட்டர் நடைச் சோதனையில் ஒருவர் மெல்ல மெல்லக் காலை வட்டமாக வீசிக் கடந்தார். பக்கத்திலேயே நடந்தபடி நான் எண்ணியது 34 அடிகள். திரை காட்டியது 21. விடுபட்டவற்றில் பெரும்பாலானவை பாதிக்கப்பட்ட காலின் அடிகள். அந்த எண்ணிலிருந்து பெறும் அடி நீளமும் இரு கால்களின் சமச்சீர் அளவும் எவ்வளவு தவறாக இருக்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஜாக்குலின் பெரியும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் தந்த பகுப்பின்படி, பக்கவாதத்துக்குப் பின் வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவர்களின் நடமாட்டம் வீட்டளவில் நின்றுவிடுகிறது. முன்னேற்றத்தை நுணுக்கமாக அளந்து காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கே அதிகம், கருவி அதிகம் தவறுவதும் அவர்களிடமே.

கேமராக்கள் சூழ்ந்த ஆய்வகத்தில், ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களை உடலில் ஒட்டி அளப்பதே இன்றும் உரைகல். ஆனால் அங்கே நடப்பது சில மீட்டர்தான். இந்த உணரிகளோடு படியேறலாம், மேடு பள்ளத்தில் நடக்கலாம், ஆறு நிமிடம் இடைவிடாமல் நடந்து களைப்பில் நடை எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். 1870களிலேயே பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ழூல் மாரே காலணியின் அடியில் காற்றறை வைத்து, கையில் ஏந்திய கருவியில் அடிகளைப் பதிந்தார். அவர் விரும்பிய சுதந்திரம் இன்று ஒரு தீப்பெட்டி அளவில் கைக்கு வந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் வாங்குவோர் கவனிக்க வேண்டும். விளம்பரக் கையேடு கேமராவுடனான ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண்ணை, மட்டும் தருகிறது. ஒரு கருவி எப்போதும் 8 பாகை கூடுதலாகக் காட்டினாலும் அந்தக் கெழு உயர்வாகவே இருக்கும். இரு முறைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வேறுபாடுகளின் எல்லையை, அதாவது இரண்டும் தரும் எண்களின் வித்தியாசம் பெரும்பாலும் எதற்குள் அடங்குகிறது என்பதை, கொண்டே பார்க்க வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இலேயே தெளிவாக்கிவிட்டார்கள். அந்த எல்லையைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி ஒரு முழு வேலைநாளுக்குத் தாங்குகிறது, ப்ளூடூத் இணைப்பு அரிதாகவே அறுகிறது. பட்டைகளைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொக்கியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை இழுத்தால்தான் அவை இறுகும். அதாவது இரண்டு கைகள் வேண்டும்; பக்கவாதத்தால் ஒரு கையும் செயலிழந்தவரால் அது முடியாது. வீட்டில் அணிவதற்காக எடுத்துச் செல்லவிருந்த அப்படிப்பட்ட ஒருவர், எங்கள் முன்னிலையில் "நானே கட்டிப் பார்க்கிறேன்" என்று முனையைப் பல்லில் கடித்தபடி முயன்றார். மூன்று முறை நழுவியது. நான்காம் முறை இறுகியபோது உணரி கெண்டைக்காலின் முன்புறத்திலிருந்து சதைப் பக்கமாக நகர்ந்திருந்தது. எலும்பை ஒட்டி இருக்க வேண்டியது சதைமேல் இருந்தால், தசையின் ஆட்டமும் காலின் அசைவாகப் பதிவாகும். இப்போது ஒரு கையாலேயே ஒட்டிவிடக்கூடிய அகலமான வெல்க்ரோ பட்டைகளை நாங்களே தைத்து வைத்திருக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் இதை வாங்கச் சொல்வதற்கு ஒரே காரணம், கருவி தன் மூலத் தரவை மறைக்காமல் அப்படியே தருகிறது என்பதுதான். பாதம் தரையில் அசைவற்று நிற்கும் கணங்களை ஜைரோஸ்கோப் தரவிலிருந்து கண்டறிந்து அடிகளைப் பிரிக்கும் முறையை நாங்களே எழுதிக்கொண்டோம். மெதுவாக நடப்பவர்களிடமும் அது பெரும்பாலும் சரியாக எண்ணுகிறது. ஆய்வின் நடுவில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, அடிகளை எண்ணும் முறை முன்னறிவிப்பின்றி மாறியபோதும், பழைய பதிவுகள் அனைத்தையும் மூலத் தரவிலிருந்து மறுபடி கணக்கிட முடிந்தது. அன்றிலிருந்து ஆய்வுக் கணினியில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பதிவோடும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்துவைக்கிறோம்.