சூரியனை ஆராய: கொடைக்கானலா, ஊட்டியா?

இயற்பியல் முதுநிலை மாணவர்கள் பலர் ஆய்வேட்டுக்கு இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள்.

கருவி: கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் படம்பிடிக்கும் தொலைநோக்கிகள். ஊட்டியை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி (வான்பொருள்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பது). ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காக அமைந்திருப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம். வானொலி வானியலாளர் கோவிந்த் சுவரூப்பின் குழு 1970இல் முடித்த வேலை. சரிவையே கருவியாக்கிய அந்தத் துணிச்சலுக்கு ஈடில்லை!

மேகம்: கொடைக்கானலில் மூடிக்கொண்டால் அன்றைய வேலை நின்றுவிடும். ஊட்டியின் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மேகம் ஒரு பொருட்டே அல்ல.

தரவு: கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் தொடங்கியது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டது இங்கேதான். நூறாண்டுப் படத்தகடுகள் எண்ணிம வடிவில் உள்ளன, மலையேறாமலே ஆராயலாம். ஊட்டியின் பலம் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்கள் பற்றிய தரவு.

கரும்புள்ளிகளின் நெடுங்கால மாற்றம், குறைந்த செலவு என்றால் கொடைக்கானல். விண்வெளி வானிலையும் (சூரியனால் பூமியைச் சுற்றி நேரும் மாற்றங்கள்) சமிக்ஞைக் கணக்கும் பிடித்தவர்களுக்கு ஊட்டி. கணினி நிரல் எழுதத் தெரியாமல் இரண்டுக்குமே போக வேண்டாம்.