டேப்பை மூணு மாசம் அவிழ்க்காதீங்க என்று சொல்லிச் செடி விற்றால் வாங்காதீர்கள்

7,400 ரூபாய். ரம்புட்டான் ஆறு, மங்குஸ்தான் இரண்டு, ஜாதிக்காய் இரண்டு. எல்லாமே ஒட்டுச்செடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது வெறும் விதைக்கன்று என்று நேற்று சாயங்காலம் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. செங்கோட்டை, புளியரை, பண்பொழி, தென்காசிப் பக்கம் இந்தச் சாரலில் செடி வைக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டையில். பின்னால் கிணற்றடியை ஒட்டிப் பன்னிரண்டு சென்ட் இடம். பட்டுப்போன மூன்று தென்னையைப் போன வருடம் வெட்டினோம். அந்த இடத்தில் ரம்புட்டான் வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். குற்றாலத்தில் சீசன் நேரம் ரோட்டோரம் சிவப்புச் சிவப்பாகக் குவித்து வைத்து விற்பார்களே, அம்மாவுக்கு அந்தப் பழம் என்றால் அவ்வளவு இஷ்டம். மலையடிவாரம், ஈரக்காற்று, ஜூன் பிறந்தால் சாரல். ரம்புட்டானுக்கு ஏற்ற இடம்தான்.

ஆனால் ரம்புட்டானை விதை போட்டு வளர்த்தால் நம்ப முடியாது. முளைத்து வருவதில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும். பூக்கும், காய்க்காது. அதுவும் ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும். நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்து துளிர் கிளம்பும் மொட்டு எடுத்துக் கன்றில் ஒட்டிய செடி என்றால் மூன்று நான்கு வருடத்தில் காய்ப்புக்கு வரும், தாய்மரத்துப் பழமே கிடைக்கும். ஜாதிக்காயிலும் ஆண், பெண் உண்டு, பூக்கும்வரை கண்டுபிடிக்க முடியாது. ஒட்டுச்செடிக்கு அந்த விலை கொடுப்பதே இதற்காகத்தான். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்ததுதான் ஆறவே இல்லை.

மே கடைசியில், போனில் நான் இருக்கிற ஒரு செடிக் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு நர்சரி. குலை குலையாகப் பழம் தொங்குகிற மரத்தடியில் நின்று ஒருவர் பேசுகிற வீடியோ. என்18 ரகம், ஒன்று 650 ரூபாய். அழைத்தேன். விதைக்கன்றா, மொட்டு ஒட்டியதா என்றுதான் முதலில் கேட்டேன். "நல்ல கேள்வி கேட்டீங்க சேச்சி, இங்க யாரும் இதைக் கேக்கிறதே இல்ல" என்றார். திருச்சூர் பக்கம் நர்சரிகளுக்குப் பேர்போன மண்ணுத்தியில் தொழில் படித்ததாகச் சொன்னார். பட்டையை எப்படிச் சதுரமாக வெட்டி எடுப்பது, மொட்டு காயாமல் எப்படி வைத்துக் கட்டுவது, எல்லாம் விளக்கினார். இவ்வளவு விவரம் தெரிந்தவர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். அங்கேதான் விழுந்தேன்.

நேரில் வந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டேன். "எதுக்கு சேச்சி இந்த மழையில கோட்டவாசல் கணவாய் கேறி வரணும்? வீட்டு வாசல்லயே இறக்கித் தரோம். செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி அல்லே, நம்மள் ஒரே நாட்டுக்காரங்க" என்றார். எங்கள் வீட்டுப் பழைய பத்திரமே மலையாளத்தில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியும். முழுப் பணத்தையும் அன்றைக்கே போனில் அனுப்பினேன். ரம்புட்டான் 3,900, ஒட்டு மங்குஸ்தான் 1,800, பெண் ஜாதிக்காய் ஒட்டு 1,400, வண்டி வாடகை 300. ஆக 7,400. இதில் இரண்டு ரம்புட்டான் மேக்கரையில் இருக்கிற என் தங்கைக்கு. நான் சொன்னேன் என்பதற்காக வாங்கினாள்.

ஜூன் முதல் வாரம் பிக்கப் வண்டியில் ராத்திரி எட்டரைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். செடியெல்லாம் தளதள என்று இருந்தது. ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு சாண் உயரத்தில், ஒட்டுக் கட்டுகிற இடத்தில், வெள்ளை டேப் சுற்றியிருந்தது. வண்டிக்காரர் போனைக் கொடுத்தார். "சேச்சி, அந்த டேப்பை மூணு மாசத்துக்கு அவிழ்க்கக் கூடாது கேட்டோ. காத்து பட்டா மொட்டு செத்துப்போகும். அவிழ்த்துட்டா அப்புறம் எங்ககிட்ட சொல்லக் கூடாது" என்றார் அந்த ஆள். நானும் தங்கையிடம் போன் போட்டு, டேப்பைத் தொட்டுவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

நேற்று வரை தொடவில்லை. தொழு உரம் போட்டு, மூங்கில் குச்சி ஊன்றி, பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். இரண்டு செடியில் டேப்புக்கு மேலே தண்டு புடைத்து வந்தது. ஒட்டு கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

நேற்று தென்னைக்கு மருந்து வைக்க ஒரு அண்ணாச்சி வந்தார். முப்பது வருடம் பண்ணைகளில் ஒட்டுக் கட்டியவர். செடியைப் பார்த்ததும் குனிந்தார். "எம்மா, இன்னுமா டேப்பை வச்சிருக்க? ஒட்டுக் கட்டி மூணு வாரத்துல எடுத்திருப்பாங்களே. தண்டை நெரிக்குது பாரு, அதான் புடைச்சிருக்கு" என்றார். பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. டேப் அழுத்திய கோடு மட்டும். மொட்டு இல்லை, வடு இல்லை, வழவழ என்று பச்சைத் தண்டு. அடுத்ததையும் எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும்போது நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

மங்குஸ்தானையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். மங்குஸ்தான் விதையில் வந்தாலும் தாய்மரம் மாதிரியே காய்க்குமாம், வருடம்தான் கூட ஆகுமாம். ஆக அங்கே டேப்புக்கு மட்டும் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். ஜாதிக்காயில் ஒன்றில் மட்டும் ஆப்பு மாதிரி சீவிச் சேர்த்த வடு தெரிந்தது. தங்கையின் இரண்டையும் போனில் வீடியோ காட்டி அவிழ்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. அவள் கோபப்படக்கூட இல்லை, "சரி விடுக்கா" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

உடனே அந்த எண்ணுக்கு அழைத்தேன். முதலில், "ஒட்டு உள்ளே சேர்ந்துபோனா வெளிய தெரியாது சேச்சி." வீடியோ அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்தது, ஒரு மணி நேரம் பதில் இல்லை. மறுபடி அழைத்தால், "டேப்பை யார் அவிழ்க்கச் சொன்னது? மூணு மாசம்னு சொன்னோம் அல்லே?" ஒட்டே இல்லாத தண்டில் எதைக் காப்பாற்ற மூன்று மாதம் என்று கேட்டேன். உடனே பேச்சை மாற்றி, அந்தச் செடிகள் வேறு தோட்டத்துக்காரர் கொடுத்தவை என்றார். கடைசியில் சொன்னதுதான் கொடுமை: "ஜாதிக்காய் ஒண்ணு சரியா இருக்கே. ஏமாத்துறவன் அதை மட்டும் எதுக்குச் சரியாக் கொடுக்கணும்?" பில் கேட்டேன், நர்சரிச் செடிக்கு யார் பில் போடுவார்கள் என்று சிரித்தார். குழுவை நடத்துகிறவரிடம் எழுதினேன். விற்பனைக்கும் குழுவுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு வரி வந்தது. பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 7,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டதற்கு வெளியே.

காசு கூடப் போகட்டும். இந்த வருடச் சாரல் போய்விட்டது. அண்ணாச்சி, கன்றுகளைப் பிடுங்க வேண்டாம், நல்ல மரத்து மொட்டு கிடைத்தால் இதிலேயே தானே ஒட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்ன விஷயம் இதுதான். மொட்டு ஒட்டிய செடி அடியிலிருந்து நுனிவரை ஒரே நேராக இருக்காது. மொட்டு பக்கவாட்டில் கிளம்புவதால் அந்த இடத்தில் ஒரு வளைவு தெரியும், அதற்கு மேலே பழைய தண்டை வெட்டிய கட்டையோ வடுவோ இருக்கும். டேப்பைக் கண்முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ராத்திரி வண்டியில் இறக்க விடாதீர்கள். பில் இல்லாமல் முழுப் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. போனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

இன்று காலை அதே மரம், அதே ஆள், அதே வீடியோ தென்காசிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற வேறொரு குழுவில் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா காட்டினார். விலை 600 ஆகக் குறைந்திருக்கிறது. கீழே ஏழு பேர் விவரம் கேட்டிருக்கிறார்கள்.