வீட்டு ஆக்சிஜனுக்குக் காப்பீடு கைகொடுக்குமா? டெல்டாவிலிருந்து ஒரு கணக்கு

கிளஸ்டர் தலைவலிக்கு (ஒரு கண்ணைச் சுற்றி, சில வாரங்களுக்கு விட்டுவிட்டுத் தாக்கும் கடும் வலி) ஆக்சிஜன் எடுப்பவர்கள் காப்பீட்டை நம்பி சிலிண்டர் வாங்கக் கூடாது. சிலிண்டருக்குக் கைக்காசு, அட்மிஷனுக்குப் பாலிசி என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் குறைவு. இன்று விற்பனையில் இருக்கும் பாலிசிகளின் விதிகளைப் படித்தால் இந்த முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

முதலில் எவ்வளவு வாயு தேவை என்று பார்ப்போம். வழக்கமான அளவு நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம், பை தொங்கும் நான்-ரீபிரீதர் மாஸ்க்கில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. 2009-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இந்த முறையில் 78 சதவீத வலிகள் 15 நிமிடத்தில் அடங்கின. சாதாரணக் காற்று கொடுத்தபோது 20 சதவீதம்தான். ஒரு வலிக்கு 180 லிட்டர். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், அதாவது எட்டு முறை. டி டைப்பில், அந்த ஆளுயர ஜம்போவில், சுமார் 7,000 லிட்டர், 38 முறை. நாளுக்கு இரண்டு வலி, ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் 15,000 லிட்டருக்கு மேல். இரண்டு ஜம்போவும் ஒரு பி டைப்பும் வேண்டும். சீசன் முடிந்ததும் மாதக்கணக்கில் வலியே வராமல் இருக்கலாம் என்பதால் வாடகைதான் சரி. விலைக்கு வாங்கி மூலையில் நிறுத்துவது வீண்.

கடைக்காரர் கான்சன்ட்ரேட்டரை, அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரன்ட் மெஷினைக் காட்டினால் மயங்க வேண்டாம். வீட்டு மாடல் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும். அதுவும் 93 சதவீதத்தை ஒட்டிய செறிவில். மாஸ்க்கின் பை நிரம்புவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். அதோடு, 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சிலிண்டருக்குக் கரன்ட் வேண்டாம்.

இனி பாலிசி. தனிநபர், குடும்ப பாலிசிகளின் அடிப்படை, 24 மணி நேர அட்மிஷன். வீட்டில் மாஸ்க் மாட்டி 15 நிமிடத்தில் கழற்றும் வைத்தியம் அதற்குள் வராது. வீட்டிலேயே சிகிச்சை என்ற டொமிசிலியரி பிரிவைக் காட்டி ஏஜென்ட் ஆசை காட்டுவார். அது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாமலோ, படுக்கை கிடைக்காமலோ வீட்டில் வைத்து, பெரும்பாலும் மூன்று நாளுக்கு மேல் பார்க்கும் வைத்தியத்துக்கானது. அதிகம் போனால் மூன்று மணி நேரத்தில் தீரும் வலியை அதில் நுழைக்க முடியாது.

அட்மிஷன் ஆகி வீடு திரும்பியபின் வரும் 60 அல்லது 90 நாள் செலவில் கேட்கலாமே என்றால், அங்கேயும் ஒரு பூட்டு. பாலிசி ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் 68 பொருள்கள் கொண்ட ‘பணம் தரப்படாதவை’ பட்டியல் இருக்கும். டயப்பர், தொலைபேசிக் கட்டணம் இவற்றோடு ‘ஆஸ்பத்திரிக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று ஒரு வரி. வீட்டு ஆக்சிஜன் க்ளெய்ம் தடுக்கி விழுவது இந்த வரியில்தான். ஏஜென்ட்டில் பாதிப் பேர் இதைப் படித்திருக்கவே மாட்டார்கள்.

இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி உண்டு, பாதிதான் திரும்பும். கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் (பாலிசி விலக்கும் சில்லறைப் பொருள்களுக்கான இணைப்பு) என்று கூடுதல் பிரீமியத்துக்கு விற்கிறார்களே, அதில் சில இந்த 68-ஐயும் ஏற்கின்றன. ஆனால் அட்மிஷன் க்ளெய்ம் ஏற்கப்பட்டால்தான் ரைடரும் பேசும். வாங்கும் முன் கம்பெனிக்கு மின்னஞ்சலில் ஒரே கேள்வி: “டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகை இந்த ரைடரில் வருமா?” வாய்வார்த்தையாகச் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை. ஓபிடி ரைடர், அதாவது வெளிநோயாளி செலவுக்கான இணைப்பு, டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ஸ்கேன் வரைக்கும் உதவும். வருட உச்சவரம்பு சிறியது, சிலிண்டர் வாடகை பெரும்பாலும் வெளியே.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. வீட்டு ஆக்சிஜனுக்கு அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஆக்சிஜன் இலவசம்தான், ஆனால் கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் வலி தானே ஓய்ந்திருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கடிதத்தைக் காட்டி வைப்பது மேல். மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்தால் பயனில்லை என்பதையும் அந்தக் கடிதமே சொல்ல வேண்டும். ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டைக்காரர்களுக்கு மட்டும் வெளிநோயாளி வைத்தியமும் உண்டு. அவர்கள் மருந்தகத்தில் எழுதிக் கேட்காமல் விடக் கூடாது.

காகித வேலையில்தான் பலர் தோற்கிறார்கள். ஊர்வழக்கில் ‘ஒற்றைத் தலைவலி’ என்றால் மைக்ரேன். ஓபி சீட்டில் அப்படி எழுதிவிட்டால் நோய்க்கான சர்வதேசக் குறியீடு (ஐசிடி) ஜி43 ஆகிவிடும், கிளஸ்டருக்கு ஜி44.0. மைக்ரேனுக்கு எதற்கு ஆக்சிஜன் என்று டிபிஏ (கம்பெனிக்காக க்ளெய்மைப் பரிசீலிக்கும் நிறுவனம்) கேட்பது அப்போது நியாயம்தான். சீட்டில் நோயின் பெயர், குறியீடு, ‘மருத்துவ ஆக்சிஜன் 100 சதவீதம், நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம், நான்-ரீபிரீதர் மாஸ்க்’, நாளுக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் எல்லாம் இருக்கட்டும். நரம்பியல் மருத்துவர் எழுதியது எடுபடும். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருப்பவர்களுக்கு இந்த அளவு ஆபத்து என்பதாலும் அவரைப் பார்ப்பது அவசியம். மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி மருந்து. மருந்து உரிமம் உள்ள கடையின், நோயாளி பெயர் போட்ட பில் வேண்டும். வெல்டிங் பட்டறைக்கு வாயு போடும் இடத்தின் பில் குப்பைக்குத்தான்.

எம்ஆர்ஐ எடுப்பதற்காக மட்டும் அட்மிட் ஆகாதீர்கள். ‘பரிசோதனைக்கான அனுமதி’ என்று விலக்கு எண் 04-ஐக் காட்டி முழு பில்லையும் தள்ளுவார்கள். ஊசி, நரம்புத் தடுப்பு என்று உள்ளே என்ன வைத்தியம் நடந்ததோ அது டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி, நேரத்தோடு இருக்க வேண்டும். இந்த வகை மறுப்பை எதிர்த்துப் போராடலாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர். தமிழ்நாட்டுக்கும் காரைக்காலுக்கும் அதே அலுவலகம்தான். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் ரைடர் இல்லாமல் சிலிண்டர் பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அவரும் அந்த 68 பொருள் பட்டியலைத்தான் காட்டுவார்.