பேருந்தா, டேப்லெட்டா, செயலியா? கிராமத்து மனநல சிகிச்சைக்கு எது கைகொடுக்கும்

பேருந்து, டேப்லெட் கணினி, ஃபோன் செயலி ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எந்த நோய்க்கு என்று கேட்க வேண்டும்.

மனச்சிதைவு நோய்க்குப் பேருந்துதான். சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடத்திய பேருந்தில் ஆலோசனை அறையும் இருந்தது, மருந்தகமும் இருந்தது. மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மாத்திரை பேருந்திலேயே கிடைக்கும். இந்த முறையின் உயிர் அந்த மருந்தகம்தான். வெறும் மருந்துச்சீட்டை ஃபோனுக்கு அனுப்பினால், மாத்திரைக்காக டவுனுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அடுத்த மாதமே மருந்து நின்றுவிடும்.

திரையில் மருத்துவரின் பேச்சு விட்டுவிட்டு வந்தால் வீடியோ ஓடட்டும். அதன் ஒலியை அணைத்துவிட்டு சாதாரண ஃபோன் அழைப்பில் பேசலாம். மருந்தால் வரும் கை விறைப்பு திரையில் தெரியாது. அருகிலிருக்கும் பணியாளர் நோயாளியின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவரைப் பழக்கியிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லாத ஊரில் குளோசபின், லித்தியம் என்ற மனநல மருந்துகளைத் தொடங்கவே கூடாது.

மனச்சோர்வுக்கு இவ்வளவு செலவு வேண்டாம். ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் டேப்லெட் கணினியோடு வீடு வீடாகப் போனார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் 0 தவிர எது வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே கவனிக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் மருமகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பாள். டேப்லெட்டும் 0 என்றே பதியும். கொல்லைப்புறமோ கிணற்றடியோ, தனியாகக் கேளுங்கள்.

மனச்சோர்வுக்கான ஃபோன் செயலி மிக மலிவு, ஆனால் பாதியில் விடுவோர் அதிகம். லெபனானில் உலக சுகாதார நிறுவனம் சோதித்த 5 அமர்வுச் செயலியிலும் இதே சிக்கல்தான், அதுவும் வாரம் சுமார் 15 நிமிடம் ஒருவர் பேசித் துணை நின்றபோதே. ஆள் துணை இல்லாத செயலிக்குப் பணம் ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டுக்கே ஒரு ஃபோன் என்றால், திரையில் வரும் நினைவூட்டலில் நோயின் பெயர் இருக்கக் கூடாது.

மூன்றும் இல்லாத ஊரில் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது; இலவசம், தமிழிலும் பேசலாம். மருந்து தொடர வேண்டியவருக்கு அது மட்டும் போதாது.