‘ப்ளேட் ரிவெர்ப்’ ப்ளகின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

குரலுக்குப் போட நல்ல ப்ளேட் ரிவெர்ப் ப்ளகின் (அதிரும் எஃகுத் தகட்டின் எதிரொலியைக் கணினியில் தரும் மென்பொருள்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எஃகுத் தகடு அதிர்வதை அப்படியே கணக்கிட்டுத் தரும் மாடல் என்று சொல்லி எனக்கு ஒன்றை விற்றார்கள். அதில் கணக்கும் இல்லை, மாடலும் இல்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஒலிப்பதிவு. அதன் மேல் ஒரு வால்யூம் வளைவைப் போட்டு ‘டேம்பர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுதவில்லை.

அசல் கருவியைப் பற்றித் தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது புரியும். இந்த வகை ப்ளகின்களில் பெரும்பாலானவை பின்பற்றுவது 1957இல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140ஐ. ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், கனம் வெறும் அரை மில்லிமீட்டர் உள்ள எஃகுத் தகடு. அதை இரும்புச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு டிரைவர் ஒலியைத் தகட்டுக்குள் செலுத்தும், பிக்கப்கள் அதிர்வைத் திரும்ப எடுக்கும். தகட்டில் உயர் அதிர்வெண்கள் தாழ்ந்தவற்றை முந்திக்கொண்டு ஓடும். அறையின் எதிரொலிக்கு இல்லாத அந்தப் பளிச்சென்ற தொடக்கம் ப்ளேட்டுக்கு வருவது அதனால்தான்.

டேம்பர் என்பது தகட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும் நுண்துளைப் பலகை. அதை நெருக்க நெருக்க ஓசை சீக்கிரம் அடங்கும். ஆனால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் அடங்காது. கீழ்ப்பகுதிதான் நன்றாகக் குறையும், மேல்பகுதியில் பெரிய மாற்றம் இருக்காது. டேம்பரை நெருக்கி வைத்த ப்ளேட் குரலைக் குழப்பாமல் பின்னால் நிற்பது இதனால்தான். நான் பணம் கொடுத்ததே இந்த நடத்தைக்காக. விளம்பரத்தில் அவர்கள் முதலில் போட்டிருந்ததும் இதைத்தான்.

குட்டு வெளிப்பட்டது ஒரு மெல்லிசைப் பாடலின் மிக்ஸில். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (ஒரு விநாடி ஒலியை எத்தனை துண்டுகளாகப் பதிகிறோம் என்ற கணக்கு) மிக்ஸ் முடித்துக் கொடுத்தாயிற்று. அதே செஷனை 96 கிலோஹெர்ட்ஸில் கேட்டார்கள். மாற்றிப் போட்டுக் கேட்டால், பல்லவியின் கடைசியில் பாடகி நீட்டி விடும் இடத்தில் ரிவெர்ப் பாதியிலேயே அறுந்து நிற்கிறது. சத்தமும் மெலிந்து, தகரத்தைத் தட்டியது மாதிரி கீச்சென்று இருந்தது. 4 விநாடி ஓட வேண்டிய வால், அதாவது ஒலி அடங்கும்வரை நீளும் பகுதி, 2 விநாடிகூட ஓடவில்லை.

44.1ஐ 96ஆல் வகுத்துப் பாருங்கள், 0.46 வரும். வால் சுருங்கியதும் அதே விகிதத்தில்தான். அதாவது, 44.1இல் பதிந்த ஒரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை (ஒரு சின்னத் தட்டலுக்குத் தகடு தரும் எதிரொலியின் பதிவு), சாம்பிள் ரேட்டுக்கு ஏற்ப மாற்றக்கூட மெனக்கெடாமல், அப்படியே வேகமாக ஓட்டுகிறார்கள். உண்மையிலேயே தகட்டை ஒழுங்காகக் கணக்கிடும் ப்ளகினுக்கு இப்படி நேராது.

சந்தேகம் வந்ததும் மற்றதையும் பார்த்தேன். ஒற்றை க்ளிக் ஒன்றை அனுப்பி, டேம்பரை வெவ்வேறு நிலைகளில் வைத்து பவுன்ஸ் செய்து (வரும் ஒலியைக் கோப்பாக எடுத்து), கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே அளந்தேன். மூன்றும் எல்லா நிலையிலும் ஒரே அளவில்தான் குறைகின்றன. வெறும் ஃபேட் அவுட். ஸ்டீரியோ இன்னும் மோசம். இரண்டு பிக்கப் என்று படம் வரைந்திருக்கிறார்கள். உள்ளே வலது சேனல் என்பது இடது சேனலின் அலையையே மேல் கீழாகத் திருப்பியது. மோனோவில், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால், ஒன்றையொன்று அழித்து ரிவெர்ப் முழுவதும் காணாமல் போகிறது. ஒரே ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறவருக்குக் குரல் மொட்டையாகத்தான் கேட்கும்.

கன்வல்யூஷன், அதாவது இப்படிப் பதிவை வைத்து ரிவெர்ப் தருவது, மட்டமான முறை என்று நான் சொல்லவில்லை. நல்ல ப்ளேட்டைப் பல டேம்பர் நிலைகளில் கவனமாகப் பதிந்து, பதிவு என்றே சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதிவை மாடல் என்று சொல்லி, மாடலுக்கான விலை வாங்குவதுதான் மோசடி.

அளவுகளோடும் ஆடியோ கோப்புகளோடும் மெயில் அனுப்பினேன். “ஒவ்வொரு ப்ளேட்டுக்கும் தனிக் குணம் உண்டு, அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்” என்று பதில் வந்தது. 96இல் வால் ஏன் சுருங்குகிறது என்று திரும்பக் கேட்டதற்கு, சீரியல் எண்ணை ஆக்டிவேட் செய்துவிட்டால் பணம் திரும்பக் கிடையாது என்ற விதியை ஒட்டி அனுப்பினார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் இல்லை. கொஞ்ச நாளில் அவர்களுடைய விற்பனைப் பக்கத்தில் ‘மாடல்’ என்ற சொல் மறைந்து, ‘ப்ளேட்டின் உணர்வு’ என்று மாறிவிட்டது. என்னிடம் பழைய பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

டெமோவில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். டெமோவில் பவுன்ஸ் வசதியைப் பூட்டிவிட்டார்கள், நடுநடுவே இரைச்சலும் வரும். அளந்து பார்க்க வழியே இல்லை. அதனால் பவுன்ஸ் செய்ய விடாத டெமோவை நம்பி எந்த ரிவெர்ப்பையும் வாங்காதீர்கள். விடும் டெமோ கிடைத்தால் ஒரு க்ளிக்கை 44.1இலும் 96இலும் எடுத்து வாலின் நீளத்தை ஒப்பிடுங்கள். பிறகு மோனோ பட்டனை அழுத்துங்கள். இந்த இரண்டுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கார்டில் கட்டிய பணத்துக்கு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். கோப்புகளையும் ஸ்க்ரீன்ஷாட்களையும் கொடுத்தாயிற்று, முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். நான் சொன்ன அடையாளங்கள் உங்களிடம் இருக்கும் ப்ளகினிலும் தெரிந்தால், அப்டேட் வந்தாலும் பழைய இன்ஸ்டாலரை அழிக்காதீர்கள். பழைய பதிப்பில் எடுத்த பவுன்ஸ்களையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். சத்தமில்லாமல் கோளாறைச் சரிசெய்துவிட்டு, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று அவர்கள் சொன்னால், காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.