ஃப்ரீ பாஸ்கல்: வருஷக்கணக்கா ஓட்டியும் ஆறாத ஒரு கோபம்

ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "சின்னச் சின்ன டூல் எழுதணும், ஒரே ஃபைலா தூக்கிக் குடுத்தா ஓடணும், ஃப்ரீ பாஸ்கல் எடுக்கலாமாடா?"ன்னு. ஒரு வரில பதில் சொல்ல முடியல, அதான் விலாவாரியா எழுதறேன். ஃப்ரீ பாஸ்கல்ங்கறது பாஸ்கல் மொழில எழுதின கோட ஓடற ப்ரோகிராமா மாத்தற இலவச கம்பைலர், லாசரஸ்ங்கறது அதுல எழுதறதுக்கான எடிட்டர். கோட பகுதி பகுதியா பிரிக்க பிகின் எண்ட் நல்லதா, பிராக்கெட் நல்லதாங்கற சண்டைக்குள்ள நான் போகல, அதுல எனக்கு எந்தப் பிரச்சினையும் இருந்ததில்ல.

என் பிரச்சினை அந்த முதல் வரிதான். ஃபைலோட தலையில மோடு என்னன்னு, அதாவது பாஸ்கல்ல எந்த வகைன்னு, ஒரு வரி போடணும்ல, அது இருந்தா ஒரு மொழி, இல்லேன்னா வேற மொழி. ஆப்ஜ்எஃப்பிசி மோடுன்னு போட்டா இன்டிஜர், அதாவது முழு எண், 32 பிட். ஒண்ணும் போடாம விட்டா கம்பைலரோட சொந்த டீஃபால்ட் மோடு, அதுல இன்டிஜர் 16 பிட், 32767-க்கு மேல போகாது. எழுத்துகள வைக்கற ஸ்ட்ரிங்கும் அப்படித்தான், எச் ப்ளஸ்னு இன்னொரு ஸ்விட்ச் போட்டா எவ்வளவு நீளம் வேணாலும் போகும், போடலன்னா 255 பைட்டோட நின்னுடும். ரெண்டு இடத்துலயும் டைப் பண்றது அதே இன்டிஜர், அதே ஸ்ட்ரிங். கோட படிக்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சமீபத்துல ஒரு பழைய யூனிட்ட (தனி ஃபைல்ல இருக்கற கோட் பகுதி) எடுத்து ஒரு புது ப்ரோகிராம்ல சேர்த்தோம். வேற யாரோ ரொம்ப நாள் முன்னாடி எழுதினது, குறிப்புகள வாங்கி ஒரு லிஸ்ட்ல சேர்த்து வைக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. மெயின் ப்ரோகிராம்ல மோடு வரி, எச் ப்ளஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கு. யூனிட்ல இல்ல. இங்கிலீஷ் குறிப்பு போட்டு டெஸ்ட் பண்ணா எல்லாம் சுத்தமா வருது, தமிழ்ல போட்டா பாதில நின்னுடுது, சிலதுல கடைசி எழுத்து உடைஞ்சு ஒரு கறுப்புக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறியா வருது. ஃபைல் படிக்கற இடத்துல தேடினோம், என்கோடிங்ல தேடினோம், ஸ்கிரீன்ல காட்டற இடத்துல தேடினோம், எங்கயும் தப்பு இல்ல. தப்பு எங்கன்னா, மெயின்ல இருக்கற பெரிய ஸ்ட்ரிங் அந்த யூனிட்டோட ப்ரொசீஜருக்குள்ள நுழையறப்ப 255 பைட்டா வெட்டுப்படுது, எர்ரர் கிடையாது, ஓடறப்பவும் ஒரு சத்தம் கிடையாது. எழுத்த பைட்டா சேமிக்கற யூடிஎஃப் எட்டு முறைல தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் 3 பைட். "தமிழ்"னு நாம மூணு எழுத்தா பாக்கறது உள்ள அஞ்சு குறி, 15 பைட். அப்ப 255 பைட்னா வெறும் 85 குறி, அதாவது ரெண்டு மூணு வரி. இங்கிலீஷ்ல 255 எழுத்து வரைக்கும் வண்டி ஓடும், அதனால டெஸ்ட்ல மாட்டவே மாட்டேங்குது. நடுவுல ஸ்பேஸ் வேற ஒரு பைட்தானா, கணக்கு தள்ளிப் போய் ஒரு குறியோட நடுவுலயே வெட்டு விழுது, அதான் அந்தக் கட்டம்.

இதுல எனக்கு ஆறாத விஷயம், இதே ப்ரொசீஜர் அந்த ஸ்ட்ரிங்க வார் பாராமீட்டரா, அதாவது நகல் எடுக்காம அதையே நேரா, வாங்கியிருந்தா கம்பைலர் அங்கயே நிறுத்தி, நீ குடுக்கறது ஆன்சிஸ்ட்ரிங் (பெரிசு), நான் எதிர்பாக்கறது ஷார்ட்ஸ்ட்ரிங் (255 பைட்)னு தெளிவா சொல்லியிருக்கும். வேல்யூவா, அதாவது நகலா, வாங்கினதால வாய மூடிக்குது. இன்டிஜர் கதையும் இதே மாதிரிதான், பெரிய லாக் ஃபைல்ல வரிய எண்ணிக்கிட்டே போனா 32767-க்கு அடுத்து மைனஸ் 32768-ன்னு நிக்கும். எண் அளவ மீறுதான்னு பாக்கற ரேஞ்ச் செக்க ஆன் பண்ணியிருந்தா பிடிபடும், ஆனா அதுவும் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கு.

காரணம் தெரியாம திட்டல. 1983-ல வந்த டர்போ பாஸ்கல்ங்கற பழைய கம்பைலர்ல இன்டிஜர் 16 பிட், ஸ்ட்ரிங் 255. 1993-ல ஃப்ளோரியன் கிளெம்ஃப்ல் இந்த கம்பைலர ஆரம்பிச்சப்ப டர்போ பாஸ்கல் கோடு அப்படியே ஓடணுங்கறதுதான் எதிர்பார்ப்பு, டர்போ பாஸ்கலுக்கு அடுத்து வந்த டெல்ஃபியே அப்ப வரல, அது 1995. பெரிய ஸ்ட்ரிங்கும் 32 பிட் இன்டிஜரும் டெல்ஃபி 2-லதான் வந்துச்சு. டீஃபால்ட்ட மாத்தினா பழைய கோடு உடையும்னு சீனியருங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஃபைல் ஆஃப் ரெக்கார்டுன்னு டேட்டாவ அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சவன் இருக்கான், ரெக்கார்டுக்குள்ள இன்டிஜர் 2 பைட்ல இருந்து 4 பைட் ஆச்சுன்னா அவன் ஃபைல் மொத்தமும் தப்பா படிக்கும். சரி, ஒத்துக்கறேன். ஆனா அவங்களுக்குத்தான் டிபி (டர்போ பாஸ்கல்) மோடுன்னு தனியாவே ஒண்ணு இருக்கே, பழசு வேணுங்கறவங்க அந்த ஒரு வரிய போட்டுக்கட்டும், புதுசா வர்றவன் எதுக்கு டர்போ பாஸ்கலோட அளவ சுமக்கணும்?

கான்ஃபிக் ஃபைல்ல மோடையும் எச் ப்ளஸ்ஸையும் எழுதி வச்சுட்டா எல்லா ஃபைலுக்கும் செட் ஆயிடும்னு சிலர் சொல்வாங்க. ஆகும், உங்க மெஷின்ல. அதே சோர்ஸ இன்னொருத்தர் மெஷின்ல கம்பைல் பண்ணா அங்க அந்த வரி இருக்காது, ப்ரோகிராம் வேற மாதிரி நடந்துக்கும். என்னைக் கேட்டா இது இன்னும் மோசம்.

இவ்வளவு கோபத்தோட ஏன் இன்னும் இதுலயே இருக்கேன்னா, மத்ததெல்லாம் அவ்வளவு நல்லா இருக்கு. முக்கியமா ஹீப்டிரேஸ், எடுத்த மெமரிய திருப்பிக் குடுக்காம விட்டோமான்னு (அதான் லீக்) பாக்கற வசதி. கம்பைல் பண்றப்ப ஒரு ஸ்விட்ச் சேர்த்தா போதும், ப்ரோகிராம் முடியறப்ப எத்தன மெமரி பிளாக் எடுத்தே, எத்தன திருப்பிக் குடுத்தே, எத்தன மிச்சம்னு கணக்கு போட்டுக் குடுத்துடும், லைன் இன்ஃபோ ஸ்விட்சும் சேர்த்தா லீக் ஆன பிளாக்க எந்த வரில எடுத்தோம்னே காட்டும். தனியா ஒரு டூல் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல, கம்பைலரோடயே வருது. மிச்சம் 0-ன்னு வர்றத பாக்கறப்ப வர்ற நிம்மதி இருக்கே, அது எனக்கு வேற எந்த மொழியிலயும் இவ்வளவு சுலபமா கிடைக்கல. ஒரு ப்ரோகிராம் முடிஞ்சுதுன்னு நான் சொல்றது அந்த 0-வ பாத்த பிறகுதான்.

கம்பைல் ஸ்பீடு பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, உண்மைதான். யூனிட்டோட இம்ப்ளிமென்டேஷன் பக்கம், அதாவது வெளிய தெரியாத உள் கோடு, மட்டும் மாத்தினா அத யூஸ் பண்ற மத்த யூனிட்ட திரும்ப கம்பைல் பண்ணத் தேவையில்ல, அதுதான் பெரிய ப்ராஜெக்ட்ல கைகொடுக்கறது. கம்பைலரே பாஸ்கல்லதான் எழுதியிருக்காங்க, சோர்ஸ எடுத்து மேக் சைக்கிள்னு குடுத்தா தன்னைத்தானே கம்பைல் பண்ணி, வந்த கம்பைலர வச்சு மறுபடி பண்ணி, ரெண்டு தடவையும் ஒரே ரிசல்ட் வருதான்னு ஒப்பிட்டுப் பாத்துக்கும். எல்லாம் சில நிமிஷ வேலை. 64 பிட் ஆர்ம்ல இருந்து 16 பிட் டாஸ் வரைக்கும் டார்கெட் இருக்கு. கம்பைலரோட வர்ற ரன்டைம் லைப்ரரிய உங்க ப்ரோகிராமுக்குள்ளயே சேர்க்கறதுக்கு (ஸ்டாட்டிக் லிங்க்) லைசென்ஸ்ல விதிவிலக்கு இருக்கறதால உங்க ப்ரோகிராமோட சோர்ஸ வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்ல.

ஆளுங்களும் அப்படித்தான். பக் இருக்குன்னு சொன்னா முதல்ல கேக்கறது ஒரு குட்டி ப்ரோகிராம், பத்து பதினஞ்சு வரில பிரச்சினைய காட்டுன்னு. அத குடுத்துட்டா கம்பைலர எழுதினவங்களே உக்காந்து பாக்கறாங்க. புதுசா வர்றவன் அரைகுறையா கேட்டாலும் பொறுமையா பதில் சொல்றாங்க. காசு வாங்காம இத்தன வருஷமா இந்த வேலைய செய்யறவங்க மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு. ரிலீஸ்தான் ரொம்ப மெதுவு, 3.2.2 வந்தது 2021 மே மாசம், லாசரஸ் 3.0 வந்த 2023 டிசம்பர்லயும் 4.0 வந்த 2025 மே மாசத்துலயும் கூட வந்த கம்பைலர் அதே 3.2.2 தான். அனானிமஸ் ஃபங்ஷன் (பேர் இல்லாம எழுதற ஃபங்ஷன்) டெவலப்மென்ட் வெர்ஷனான ட்ரங்க்ல எப்பவோ வந்தாச்சு, ஸ்டேபிள நம்பி இருக்கறவன் காத்துக்கிட்டு இருக்கான். இத நான் பெரிய குறையா நினைக்கல, தேவைன்னா ட்ரங்க பில்ட் பண்ணிக்கலாம்.

அதனால எடுக்கலாமா? லாசரஸ்ல ஆரம்பிக்கறவன் தாராளமா எடுக்கலாம், புது யூனிட் திறந்தாலே மோடையும் எச் ப்ளஸ்ஸையும் அதுவே போட்டுடும். ஆனா என் ஃப்ரெண்டு கேட்டது சின்ன டூல், அவன் வெறும் எடிட்டர்ல எழுதி கமாண்ட் லைன்ல கம்பைல் பண்ற ஆளு, நெட்ல கிடைக்கற பழைய யூனிட்ட எடுத்து ஒட்டுவான், போதாக்குறைக்கு டேட்டா முழுக்க தமிழ்ல. அவனுக்கு இன்னிக்கு நான் சொல்ற பதில் வேணாம்ங்கறதுதான். மேல இவ்வளவு புகழ்ந்துட்டு இப்படிச் சொல்றது எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா டேட்டாவ சத்தமில்லாம வெட்டற ஒரு டீஃபால்ட்ட தெரிஞ்சே இன்னொருத்தன் கையில குடுக்க எனக்கு மனசு வரல.

டீஃபால்ட்ட மாத்தக்கூட வேணாம். மோடு வரியும் எச் ப்ளஸ்ஸும் இல்லாத ஃபைல்ல ஸ்ட்ரிங்ன்னு வந்தா, இங்க இது 255 பைட்தான்னு கம்பைலர் ஒரு வார்னிங் குடுக்கட்டும். அது வந்த அன்னிக்கே நானே அவன் மெஷின்ல இன்ஸ்டால் பண்ணிக் குடுக்கறேன்.